ராபர்ட்டோ மார்ட்டினஸைத் தேடி ஒரு கால்பந்துச் செயலியில் ஓராண்டு

கால்பந்துப் பதிவேடுகளைத் தொகுத்துத் தரும் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தாவாக 1,499 ரூபாய் கட்டிப் பன்னிரண்டு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். செயலியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இதில் நான் கண்ட கோளாறுகளில் பாதி, இதே விலையில் கிடைக்கும் வேறு செயலிகளிலும் இருக்கக்கூடும் என்பதால், பெயரைத் தெரிந்துகொள்வதைவிடச் சந்தா கட்டும் முன் எதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே வாசகருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எந்தப் பதிவேட்டையும் மெஸ்ஸியை வைத்துச் சோதிக்கக் கூடாது. மெஸ்ஸியின் கணக்கை எவரும் தவறவிட மாட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்க்காத ஆட்டங்களில், மழையில் நனைந்த நான்காம் நிலை மைதானங்களில், இரண்டு மூன்று நாடுகளில் ஆடி முடித்த ஒருவரை எடுத்துக்கொண்டு தேடினால்தான் தொகுத்தவர்களின் உழைப்பு தெரியவரும். அதற்காக நான் தேர்ந்தெடுத்தவர் ராபர்ட்டோ மார்ட்டினஸ். இன்று போர்ச்சுகல் தேசிய அணியின் பயிற்சியாளராக உலகம் அறிந்த இந்த ஸ்பானியர், ஆட்டக்காரராக இருந்த காலத்தின் பெரும்பகுதியை பிரிட்டனின் கீழ்ப் பிரிவுகளில்தான் கழித்தார். விகன், மதர்வெல், வால்சால், ஸ்வான்சி, செஸ்டர் என்று ஐந்து கிளப்புகள், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று மூன்று நாடுகளின் ஊர்கள், பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு பதிவேட்டுக்கு இதைவிடக் கடினமான கேள்வித்தாளைத் தயாரிப்பது எளிதல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை எண்கள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. 1973 ஜூலை 13 அன்று கட்டலோனியாவின் பலகேரில் பிறந்தவர், ரியல் சரகோசாவின் முதல் அணிக்காக லீக்கில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், பிறகு சொந்த ஊர்க் கிளப்பான பலகேர், 1995இல் விகன். அங்கே ஆறு பருவங்களில் லீக் ஆட்டங்கள் 187, கோல்கள் 17. மதர்வெல் 17 ஆட்டங்கள், வால்சால் 6, ஸ்வான்சி 122, செஸ்டர் 31. இவை நான் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கும் கணக்கோடு பொருந்துகின்றன. பெரிய செயலிகள் சிலவற்றில் 2000க்கு முந்தைய கீழ்ப் பிரிவு ஆட்டங்கள் வெறும் கோடுகளாகத்தான் இருக்கும். இதில் அப்படியில்லை. மார்ட்டினஸ் விகனுக்காக ஆடிய முதல் லீக் ஆட்டமே, கில்லிங்கமிடம் 1-2 என்று தோற்றதும் அதில் விகனின் கோலை அவர் போட்டதும் உட்பட, பதிவாகியிருந்தது. இதைக் கண்டதும் சந்தாப் பணம் வீண்போகவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன்.

தமிழ் முகப்பு உண்டு என்பது இந்தச் செயலியின் விளம்பரத்தில் முதல் வரி. உண்மைதான், எழுத்துகள் தமிழ்தான். ஆனால் அதை எழுதிய இயந்திரத்துக்குக் கால்பந்தும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை. மார்ட்டினஸின் பக்கத்தைத் திறந்தால் மேல்வரிசையில் 'தொப்பிகள்: 0' என்று வருகிறது. தேசிய அணிக்காக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆங்கிலேயர்கள் 'கேப்' என்று எண்ணும் பழக்கத்தை அறிந்தவருக்கு மட்டுமே, அவர் ஸ்பெயினின் முதன்மை அணிக்காக ஒருமுறையும் ஆடியதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். மற்றவர்கள் பாவம், ஏதோ வெயிலுக்குத் தொப்பி வாங்காதவர் என்று நினைப்பார்கள். மஞ்சள் அட்டைகளுக்கான கட்டத்தின் தலைப்பு 'முன்பதிவுகள்'. நடுவர் ஒருவரைப் 'புக்' செய்வதற்கும் நாம் ரயிலுக்கு டிக்கெட் புக் செய்வதற்கும் இயந்திரம் வேறுபாடு காணவில்லை. சமனில் முடிந்த ஆட்டங்கள் 'வரைந்தவை'. ஒப்பந்தம் முடிந்து கிளப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவர் 'வெளியிடப்பட்டார்', புத்தகம் போல. இரவலாக வேறு கிளப்புக்குப் போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'கடன்' என்று சிவப்பில் போட்டிருப்பதைப் பார்த்தால் வட்டிக்காரர் வாசலில் நிற்பது போலிருக்கிறது.

ஊர்ப் பெயர்களின் நிலை இன்னும் மோசம். விகன் என்பது ஒரு பக்கத்தில் 'வைகன்', இன்னொன்றில் 'விகன்', மூன்றாவதில் 'வீகன் அத்லெட்டிக்'. இறைச்சி வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரத்தைத் தின்பதற்கே பெயர்பெற்று, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களால் 'பை தின்னிகள்' என்றே அழைக்கப்படும் ஓர் ஊரை, இறைச்சியும் பாலும் தொடாதவரைக் குறிக்கும் 'வீகன்' என்ற சொல்லால் எழுதுவது அந்த ஊராருக்குச் செய்யும் பெரிய அவமரியாதை. வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் உண்மையான இடர் ஒன்று இருக்கிறது. தமிழில் 'விகன்' என்று தட்டித் தேடினால் அந்த எழுத்துக்கூட்டலில் உள்ள பக்கங்கள் மட்டுமே கிடைக்கின்றன. மற்ற இரண்டும் ஒளிந்துகொள்கின்றன. ஒரு வாரம் போராடிவிட்டு ஆங்கில முகப்புக்கே திரும்பிவிட்டேன். தமிழ் முகப்புக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, 'படிநிலை வரைபடம்' என்று செயலி பெருமையோடு முன்வைக்கும் வசதி. ஒரு வீரர் ஒவ்வொரு பருவத்திலும் தன் நாட்டின் லீக் ஏணியில் எந்தப் படியில் ஆடினார் என்பதை ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது இது. கருத்தளவில் அருமையான யோசனை. கீழ்ப் பிரிவு வீரரின் வாழ்க்கையைச் சொல்ல இதைவிட நல்ல படம் கிடையாது. ஆனால் மார்ட்டினஸின் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. 1995இல் மூன்றாம் படியில் தொடங்குகிறார், 1997இல் இரண்டாம் படிக்கு ஏறுகிறார், 2002இல் வால்சாலில் இங்கிலாந்தின் உச்சிப் படியில் நிற்கிறார், பிறகு விழுந்து, மறுபடி ஏறி, 2005இல் ஸ்வான்சியோடு மீண்டும் உச்சிக்கு வந்துவிடுகிறார். இப்படி ஒரு வாழ்க்கை அமைந்திருந்தால் மனிதர் மகிழ்ந்திருப்பார். நடந்தது வேறு.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. செயலி பிரிவின் பெயரில் உள்ள எண்ணை அப்படியே படியின் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் லீக் பெயர்கள் இரண்டு முறை மாறியவை. 1992 வரை முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று பெயரும் படியும் ஒத்திருந்தன. அந்த ஆண்டு உச்சிப் பிரிவு தனியே பிரிந்து பிரீமியர் லீக் ஆனது. எஞ்சியவை ஒவ்வொன்றும் பெயரில் ஓர் எண்ணைக் குறைத்துக்கொண்டன. இரண்டாம் படிக்கு 'முதல் பிரிவு' என்று பெயர், நான்காம் படிக்கு 'மூன்றாம் பிரிவு' என்று பெயர். 2004இல் மறுபடி ஒரு மாற்றம்: இரண்டாம் படி 'சாம்பியன்ஷிப்', மூன்றாம் படி 'லீக் ஒன்று', நான்காம் படி 'லீக் இரண்டு'. ஆக, 1995இல் மார்ட்டினஸ் வந்து சேர்ந்த விகன் 'மூன்றாம் பிரிவில்' இருந்தது என்றால், அது நாட்டின் நான்காவது படி. அதற்குக் கீழே விழுந்தால் லீக்கே கிடையாது.

இந்த ஒரு குழப்பத்தால் வரைபடத்தில் அவருடைய இங்கிலாந்துப் பருவங்கள் ஒன்றுகூடச் சரியான உயரத்தில் இல்லை. விகனில் 1997 முதல் 2001 வரை அவர் ஆடிய 'இரண்டாம் பிரிவு' மூன்றாம் படி. வால்சாலின் 'முதல் பிரிவு' இரண்டாம் படி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பிழை 2004ஆம் ஆண்டுடையது. வேல்ஸ் ஊர்க் கிளப்பானாலும் இங்கிலாந்து லீக்கில் ஆடும் ஸ்வான்சி, முந்தைய பருவத்தை எந்தப் படியில் முடித்ததோ அதே நான்காம் படியில்தான் அந்தப் பருவத்தையும் தொடங்கியது. பெயர்ப் பலகை மட்டும் 'மூன்றாம் பிரிவு' என்பதிலிருந்து 'லீக் இரண்டு' என்று மாறியது. செயலியோ அந்த இடத்தில் பச்சை அம்புக்குறி போட்டு, ஸ்வான்சி பதவி உயர்வு பெற்றதாகக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு, 2005இல், அவர்கள் லீக் இரண்டில் மூன்றாமிடம் பிடித்து உண்மையாகவே ஏறியபோது இன்னொரு பச்சை அம்பு. அத்துடன் உச்சிப் படி வந்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் மார்ட்டினஸ் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஒரே படியில் ஆடிக்கொண்டிருந்ததாகப் பொருள்.

எண்கள் சரி, அவை நிற்கும் இடம் தவறு என்றால் பதிவேட்டால் என்ன பயன்? கிரிக்கெட்டில் ரஞ்சிக் கோப்பை ஓட்டங்களை டெஸ்ட் ஓட்டங்களின் கட்டத்தில் எழுதிவைத்தால் நம் ஊரில் பத்து வயதுப் பையன் கூடச் சண்டைக்கு வருவான்.

இதே வகைப் பிழை இன்னோர் இடத்தில் ஒரு கோப்பையையே பறித்துவிட்டது. செயலியில் மார்ட்டினஸின் 'விருதுகள்' பகுதியில் 1996-97 மூன்றாம் பிரிவுப் பட்டம் இல்லை. ஏன் இல்லை என்று அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஃபுல்ஹாம் முதலிடம், விகன் இரண்டாமிடம். இரண்டுக்கும் 46 ஆட்டங்களில் 87 புள்ளிகள். ஃபுல்ஹாம் 72 கோல் போட்டு 38 வாங்கியிருந்தது, வித்தியாசம் 34. விகன் 84 போட்டு 51 வாங்கியிருந்தது, வித்தியாசம் 33. இன்றைய விதிப்படி வரிசைப்படுத்தினால் ஃபுல்ஹாம்தான் மேலே வரும். ஆனால் அந்த ஆண்டுகளில் பிரீமியர் லீக்குக்குக் கீழே இருந்த மூன்று பிரிவுகளிலும் புள்ளிகள் சமமானால் யார் அதிகக் கோல் போட்டார்கள் என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள். 84 பெரிது, 72 சிறிது. கோப்பை விகனுக்குப் போனது. அந்தப் பருவத்தில் கிரேம் ஜோன்ஸ் என்ற முன்கள வீரர் லீக்கில் மட்டும் 31 கோல் அடித்துத் தள்ளியதன் பலன் அது. தொகுத்தவர்கள் அந்தக் காலப் பட்டியலை நகலெடுக்காமல், எண்களை மட்டும் ஏற்றிவிட்டு, வரிசையைக் கணினியிடம் விட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. கணினிக்கு 1997இன் விதி தெரியாது. விகனின் அலமாரியிலிருந்த கோப்பை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனுக்குக் கடத்தப்பட்டுவிட்டது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தச் செயலியை நான் அழிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் 'உடன் ஆடியோர்' என்ற பகுதி. ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்தால், அவரோடு ஒரே அணியில் ஒரே காலத்தில் ஆடிய அனைவரும், சேர்ந்து ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையோடு, ஒரு வலைபோல விரிகிறார்கள். மார்ட்டினஸைத் தட்டி, 1995 என்று காலத்தைக் குறுக்கினால், அவருக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்பானியப் பெயர்கள் வருகின்றன: ஹெசூஸ் செபா, இசித்ரோ தியாஸ். மூவரும் ஒரே கோடையில் விகனுக்கு வந்தவர்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் 'மூன்று அமிகோக்கள்' (ஸ்பானிய மொழியில் நண்பர்கள்) என்று பெயர் வைத்தன. விகன் ரக்பி லீக் ஊர். கால்பந்துக் கிளப் 1978இல்தான் லீக்குக்குள்ளேயே வந்திருந்தது. விளையாட்டுச் சாமான் கடைகளை நடத்திப் பணக்காரரான டேவ் வீலன் 1995இல் கிளப்பை வாங்கி, பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோவேன் என்று சொன்னபோது ஊரே சிரித்தது. இந்த வீலனும் பழைய ஆட்டக்காரர்தான், 1960 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பிளாக்பர்னுக்காக ஆடிக் கால் முறிந்தவர். அவருடைய முதல் கோடையிலேயே ஸ்பெயினிலிருந்து மூன்று இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். செபாவின் முதற்பெயர் ஆங்கிலத்தில் இயேசுவின் பெயராக வாசிக்கப்பட்டதால், 'இயேசு விகன்காரர்' என்று ரசிகர்கள் அட்டை எழுதிப் பிடித்தார்கள்.

அந்த ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். வீரர்கள் ஐரோப்பிய எல்லைகளைத் தடையின்றிக் கடக்க வழி திறந்த போஸ்மன் தீர்ப்பு 1995 டிசம்பர் 15 அன்றுதான் வந்தது. இவர்கள் வந்தது அதற்குச் சில மாதங்கள் முன்பு. அதே 1995இன் மே மாதத்தில், பாரிஸ் நகரில், மார்ட்டினஸின் பழைய கிளப்பான சரகோசா, கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில் ஆர்சனலை வென்றது. கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில் நயீம் வெகுதூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து கோல்காவலரின் தலைக்கு மேலே போய் விழுந்தது. நயீமும் முன்பு டாட்டனமில் ஆடியவர். அந்த நாளில் இங்கிலாந்தில் ஸ்பானிய ஆட்டக்காரர் என்றால் விரல்விட்டு எண்ணலாம். நான்காம் படியில் மூவர் ஒன்றாக என்பது கேள்விப்படாத சங்கதி. செயலியின் வலையில் இந்த இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போகலாம்: மார்ட்டினஸிலிருந்து செபாவுக்கு, செபாவிலிருந்து சரகோசாவுக்கு, அங்கிருந்து நயீமுக்கு, நயீமிலிருந்து டாட்டனமுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படியே போயிற்று, காப்பி ஆறியது தெரியவில்லை. செபா சீக்கிரமே ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டார், தியாஸ் உல்வர்ஹாம்ப்டன், மீண்டும் விகன், ராச்டேல் என்று சுற்றினார் என்பதெல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. மார்ட்டினஸ் மட்டும் ஆறு ஆண்டுகள் தங்கினார். முதல் பருவத்திலேயே, அந்தப் பிரிவின் சிறந்த பதினொருவராகச் சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அணியில் இடம் பெற்றார். இந்தத் தேர்வைச் செயலி 'விருதுகள்' பகுதியில் சேர்த்திருக்கிறது. கோப்பையை விட்டுவிட்டு இதைச் சேர்த்த விந்தையை என்னென்பது.

வலைப்பகுதியில் இருக்கும் இந்த அக்கறை, 'குறிப்பு' என்ற கட்டத்தில் இல்லை. ஒவ்வொரு கிளப் மாற்றத்துக்கும் எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். மார்ட்டினஸின் பக்கத்தில் அந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே சொல்: 'வெளியிடப்பட்டார்'. மதர்வெல் வரியை எடுத்துக்கொள்வோம். 2001-02 பருவம், ஸ்காட்லாந்தின் உச்சிப் பிரிவு, 17 ஆட்டங்கள், வெளியிடப்பட்டார். இதை வாசிப்பவர், ஆட்டம் போதவில்லை, கழற்றிவிட்டார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். 2002 ஏப்ரலில் மதர்வெல் கிளப் கடன் தாங்காமல் நிர்வாகியின் பொறுப்புக்குப் போனதும், ஒரே வீச்சில் 19 வீரர்களை வீட்டுக்கு அனுப்பியதும் அந்தக் கட்டத்தில் ஒரு வரிக்குக்கூட இடம் பெறவில்லை. கீழ்ப் பிரிவுகளிலும் சிறிய கிளப்புகளிலும் ஒருவர் ஊர் மாறுவதற்கு அவருடைய காலைவிடக் கிளப்பின் கல்லாப்பெட்டிதான் பல நேரம் காரணம். பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

வால்சாலில் அவர் அதிகம் ஆடவில்லை; ஆறு ஆட்டங்கள், அதைப்பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை, செயலிக்கும் ஒன்றுமில்லை. 2003 தொடக்கத்தில் ஸ்வான்சிக்குப் போனார். அந்தப் பருவத்தின் கடைசி நாள், மே 3, வெச் ஃபீல்டு என்ற பழைய மைதானத்தில் ஹல் அணியை வென்றால்தான் ஸ்வான்சி லீக்கிலேயே நீடிக்கலாம் என்ற நிலை. 4-2 என்று வென்றார்கள். உள்ளூர்ப் பிள்ளை ஜேம்ஸ் தாமஸ் மூன்று கோல் போட்டார். எக்ஸிட்டர் லீக்கைவிட்டு வெளியேறியது. செயலியின் ஆட்டப் பக்கத்தில் கோல்கள், அடித்தவர்கள், நேரம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்த ஆட்டம் எதைக் காப்பாற்றியது என்பதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை. பருவத்தின் நடுவில் ஆடிய ஏதோ ஒரு சனிக்கிழமை ஆட்டம் போல, அதே சாம்பல் நிறப் பட்டையில் கிடக்கிறது. கோப்பை இறுதிகளுக்குத் தங்க நிறப் பட்டை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, நான்காம் படியில் கடைசி நாள் ஆட்டம் கோப்பை இறுதியைவிடக் கனமானது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்து, நான் மிகவும் எதிர்பார்த்துத் திறந்து ஏமாந்த இடம். மார்ட்டினஸ் ஸ்வான்சியில் கேப்டனாகவும் இருந்தார். 2006இல், மேல் படிக்கு ஏறுவது யார் என்று முடிவுசெய்யும் பிளேஆஃப் இறுதியில் பார்ன்ஸ்லியிடம் பெனால்டியில் தோற்ற அந்தப் பருவத்தோடு, அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. செஸ்டருக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தார். எட்டே மாதங்களில், 2007 பிப்ரவரியில், தன்னை அனுப்பிவிட்ட அதே ஸ்வான்சிக்கு மேலாளராகத் திரும்பினார், வயது 33. முந்தைய ஆண்டு தன்னோடு ஒரே அறையில் பூட்ஸ் மாட்டியவர்களுக்கு மேலாளர். அடுத்த முழுப் பருவத்தில், 2007-08இல், ஸ்வான்சி 92 புள்ளிகளோடு, இரண்டாமிடத்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டைவிடப் பத்துப் புள்ளிகள் மேலே, லீக் ஒன்றின் பட்டம் வென்றது. ஒரு பந்தைக் குறுக்கே குறுக்கே பரிமாறி முன்னேறும் ஆட்டத்தை மூன்றாம் படியில் ஆடிக்காட்டலாம் என்று அந்த அணி நிறுவியது. என் கணக்கில் அவருடைய வாழ்க்கையின் அச்சாணி இந்த இரண்டு ஆண்டுகள்.

செயலியில் அவர் இரண்டு ஆட்கள். ஆட்டக்காரர் மார்ட்டினஸின் பக்கம் செஸ்டரில் முடிகிறது. கடைசி வரியில் வழக்கம்போல 'வெளியிடப்பட்டார்'. மேலாளர் மார்ட்டினஸின் பக்கம் ஸ்வான்சியில் தொடங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக இணைப்பு கிடையாது. தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டினால் இருவரும் தனித்தனியாக, வெவ்வேறு புகைப்படங்களோடு வருகிறார்கள். 'உடன் ஆடியோர்' வலையும் ஆட்டக்காரர் பக்கத்தோடு அறுந்துவிடுகிறது; ஆகவே லியோன் பிரிட்டனைப் போன்றவர்கள் முதலில் அவருடைய சகாக்களாகவும் பிறகு அவருடைய வீரர்களாகவும் இருந்த கதை எந்த வலையிலும் சிக்குவதில்லை. மேலாளர் பக்கம் தன்னளவில் முழுமையானது என்பதையும் சொல்ல வேண்டும்: 2009இல் மேலாளராக மீண்டும் விகன், 2013 மே 11 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் பென் வாட்சன் தலையால் முட்டிய கோலில் எஃப்.ஏ. கோப்பை, மூன்றே நாளில் ஆர்சனலிடம் 4-1 என்று தோற்றுப் பிரீமியர் லீக்கிலிருந்து இறக்கம், எவர்ட்டன், பெல்ஜியத்தோடு 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம், 2023 முதல் போர்ச்சுகல், 2025இல் ஸ்பெயினை வீழ்த்தி நேஷன்ஸ் லீக். இவையெல்லாம் எந்த இலவசத் தளத்திலும் கிடைப்பவை என்பதால் இதற்காகச் செயலிக்கு நான் மதிப்பெண் தரவில்லை.

ஒருவரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்பதால், இன்னொரு ஸ்பானியரையும் சோதித்தேன். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஆன்ஹெல் ராங்ஹெல், 2007இல் ஸ்பெயினின் தெராஸா என்ற சிறு கிளப்பிலிருந்து மார்ட்டினஸால் ஸ்வான்சிக்குக் கொண்டுவரப்பட்டவர். பிறகு பதினொரு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். லீக் ஒன்று, சாம்பியன்ஷிப், 2011இல் பிரீமியர் லீக், 2013இல் பிராட்ஃபர்டை 5-0 என்று வென்று லீக் கோப்பை. கிளப் மாறாமலேயே மூன்று படிகளிலும் ஆடியவர் என்பதால் படிநிலை வரைபடத்துக்கு இவரைப்போல எளிய சோதனை வேறில்லை. செயலி வரைந்த கோடு இது: லீக் ஒன்றில் உச்சிப் படி, சாம்பியன்ஷிப்பில் ஒரு படி கீழே, பிரீமியர் லீக்கில் மறுபடி உச்சி. 2008இல் அவர்கள் பட்டம் வென்று மேலேறிய இடத்தில் சிவப்பு அம்பு, இறக்கம் என்று.

வாடிக்கையாளர் சேவைக்கு இந்த மூன்று பிழைகளையும், பிரிவுகளின் பெயர் மாற்ற அட்டவணையோடும் 1996-97 விதியோடும், மின்னஞ்சலில் எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது: 'தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, எங்கள் தரவு அணி இதைப் பரிசீலிக்கும்.' இரண்டாவது முறை எழுதியபோது, பெயர் சொல்லிப் பேசும் ஒருவர் பதிலளித்து, பட்டியல்களை வெளியிலிருந்து வாங்குவதாகவும் பழைய பருவங்களைத் திருத்துவது அவர்கள் கையில் இல்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 'சரிபார்க்கப்பட்ட வரலாறு' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகம் திருப்தி, என் பழைய கைபேசியிலும் தடங்கலின்றி ஓடுகிறது. விளம்பரங்கள் இல்லை. இணையம் இல்லாதபோது சேமித்து வைத்த பக்கங்களைப் பார்க்கலாம். எழுத்தளவைப் பெரிதாக்கினால் புள்ளிப் பட்டியலின் கடைசிக் கட்டம் திரைக்கு வெளியே போய்விடுகிறது, அந்தக் கடைசிக் கட்டம்தான் புள்ளிகள் என்பது எரிச்சலூட்டும் விஷயம். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும். நிறுத்துவதற்கான பொத்தான் அமைப்புகள் பகுதியில் நான்கு திரைகள் உள்ளே இருக்கிறது. கட்டும் நாளிலேயே போய் அணைத்துவிடுவது நல்லது.

பிரீமியர் லீக்கையும் ஐரோப்பியக் கோப்பைகளையும் மட்டும் பின்தொடர்பவர்களுக்கு இந்தப் பணம் தேவையற்றது. கீழ்ப் பிரிவுகளில் ஆர்வமுள்ளவர்கள் மாதச் சந்தாவாக ஒரு மாதம் எடுத்து, ஆங்கில முகப்பில், படிநிலை வரைபடத்தைத் திறக்காமல், 'உடன் ஆடியோர்' வலையை மட்டும் சுற்றிப் பார்க்கலாம்; அந்த அளவுக்கு அது தகுதியானது. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம், அதில் இரண்டு அந்த வலைக்கு.

சென்ற வாரம் ஒரு புதுப்பிப்பு வந்தது. ஆவலோடு மார்ட்டினஸின் பக்கத்தைத் திறந்தேன். 'தொப்பிகள்: 0' என்பதை 'சர்வதேச ஆட்டங்கள்: 0' என்று திருத்தியிருக்கிறார்கள். 1997இன் கோப்பை இன்னும் ஃபுல்ஹாமிடம்தான் இருக்கிறது.